கரிசக்காட்டுப் பிள்ளைக்கு ஜூன் முதல் ஏப்ரல் வரை

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர் ஒருவர்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடல்நலம் பற்றி எழுதப் போகிறேன்" என்று சொன்னதுமே பக்கத்து பெஞ்ச் நண்பன் சிரித்துவிட்டான். "ஏல, அது நர்சிங் காலேஜ் மலருக்கு எழுத வேண்டியது. நீ பேசாம கான்கிரீட் கலவையைப் பத்தி எழுது" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது, இது நம் டிபார்ட்மெண்ட் விஷயம்தான் என்பதை அவனும் ஒத்துக்கொள்வான் என்று நம்புகிறேன்.

2024 ஜூலையில் என் தங்கை ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். டீச்சர் போன் செய்து, நான் சைக்கிளில் ஓடி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. ஐந்து வயது முதல் பதினொரு வயது வரை உள்ள பிள்ளைக்கு 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று அங்கே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா மாத்திரை எழுதும் முன் நாலு கேள்வி கேட்டார். "காலையில என்ன சாப்பிட்டா? காலுக்குச் செருப்பு போடுவாளா? பள்ளிக்கூடத்தில கக்கூஸ் எப்படி இருக்கு? குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருது?"

முதல் கேள்விக்கு மட்டும்தான் எனக்குப் பதில் தெரிந்தது. அம்மா ஏழு மணிக்கே தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள். தங்கை ஒரு டம்ளர் கடுங்காப்பியும் ரெண்டு பொறையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறாள். மற்ற மூன்று கேள்விக்கும் முழித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் மண்டையில் உறைத்தது. நாலு கேள்வியில் மூன்று, தரையும் கழிவறையும் குழாயும்! இது நம்ம பாடப்புத்தகம் அல்லவா!

எட்டயபுரத்தில் வைத்த உலை

முதல் கேள்வியை முதலில் பார்ப்போம். கோவில்பட்டியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. முதலமைச்சர் காமராஜர் 1956-ல் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை அங்கேதான் தொடங்கி வைத்தார். அவரும் விருதுநகர்க்காரர். வானம் பார்த்த பூமியில் பசித்த பிள்ளை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருந்திருக்காது. கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு அந்தத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார். ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் விறகும்தான் பெரிய பலம்.

அதற்கு முன்னாலும் ஒரு முயற்சி உண்டு. 1920-ல் நீதிக்கட்சியின் காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு ஆகக் கூடாது என்பது கணக்கு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டமாக அதைப் பெரிதாக்கினார். முட்டை 1989-ல் வந்தது, அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்று ஆனது 2010-ல். உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில், நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த சாப்பாடு போட வேண்டும் என்று உத்தரவிட்டபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே தட்டைக் கழுவி வைத்திருந்தார்கள். இதில் கொஞ்சம் கர்வப்பட்டால் தப்பில்லை.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. என் தங்கை அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்த ஒரு வருஷம் அவள் பள்ளியிலேயே கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டாள். அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்பு. திட்டமோ ஒன்று முதல் ஐந்து வரை! பசி மட்டும் ஐந்தாம் வகுப்போடு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுமா? வழிபாட்டில் அவள் விழுந்தது அந்த இடைவெளியில்தான். இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. திட்டம் எந்த வகுப்போடு நிற்கிறதோ அதற்கு அடுத்த வகுப்புப் பிள்ளையின் காலைத் தட்டை வீட்டில் உள்ளவர்கள் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அதுதான் என் தப்பு.

எங்கள் அம்மாவின் கதை வேறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பத்து வயதில், அவள் நாலாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். விடியும் முன்னே வண்டி வரும், தூக்கத்தோடு ஏற்றிவிடுவார்கள், பொழுது சாய்ந்துதான் வீடு. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குள் அம்மாவுக்கு வயது பதின்மூன்று ஆகிவிட்டது. "மத்தியானம் பள்ளிக்கூடத்தில சோறு போட்டாங்களேம்மா, பிறகு ஏன் நின்னே?" என்று கேட்டேன். "எனக்குச் சோறு கிடைக்கும் ராசா, தம்பி தங்கச்சிக்கு?" என்றாள். இந்தப் பதிலுக்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

தட்டில் என்ன?

மத்திய அரசின் அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை என்றால் 700 கலோரி, 20 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். ஆகவே முட்டையை வேண்டாம் என்று ஒதுக்கும் பிள்ளை, சாப்பாட்டின் உயிரையே ஒதுக்குகிறது. சத்துணவு உப்பும் சும்மா உப்பு இல்லை. இராமநாதபுரம் வாலிநோக்கத்தில் அரசு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்த்துத் தயாரிப்பது.

மீதிப் பொறுப்பு வீட்டுக்கு. இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பாசிப்பயறும் விளைகிற மண் இது. தீட்டிய அரிசியைவிடக் கம்பில் இரும்புச்சத்து நன்றாகவே அதிகம். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, ஒரு பிடி வறுகடலை, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை முருங்கைக்கீரைப் பொரியல் என்று போட்டால் எந்த டப்பாப் பவுடரும் வேண்டாம். நம்ம ஊர்க் கடலைமிட்டாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. நிலக்கடலையில் நாலில் ஒரு பங்கு புரதம். பள்ளி வாசலில் விற்கும் கலர் பாக்கெட்டுக்கு முன்னால் நம்ம கடலைமிட்டாய் ராஜா! (தின்றபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெல்லம் பல்லைச் சும்மா விடாது.)

ஒரு எதிரியும் உண்டு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, காப்பி. அவை சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நேர்மாறாக இரும்பு நன்றாகச் சேரும். என் தங்கைக்கு நாங்கள் முதலில் நிறுத்தியது அந்தக் கடுங்காப்பியைத்தான்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் வாங்கி ஜன்னல் வழியே எறிகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறதாம், கருப்பாக வெளிக்குப் போகிறதாம். கருப்பாகப் போவது இயல்பு, பயமே வேண்டாம். புரட்டுவது வெறும் வயிற்றில் போடுவதால். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் பெரும்பாலும் புரட்டாது. வருஷத்துக்கு இரண்டு தடவை தரும் பூச்சி மாத்திரையும் அப்படித்தான், விடக் கூடாது. கொக்கிப்புழு, மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே ஏறிக் குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறது. டாக்டரம்மா செருப்பைக் கேட்டது அதனால்தான். ஹீமோகுளோபின் இறங்கிவிட்ட பிள்ளைக்கு வார மாத்திரை போதாது, டாக்டர் சொல்லும் அளவில் தினமும் போட வேண்டும். மூன்று மாதம் போட்டாள் தங்கை. 11.8-க்கு வந்தது.

மண் விரிசல் விட்டால் காமாலை வருமா?

வரும்! இதைத்தான் நம் வகுப்பு நண்பர்களிடம் சொல்ல வேண்டும் என்று இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

சாயில் மெக்கானிக்ஸில் கரிசல் மண்ணைப் பற்றிப் படித்திருக்கிறோம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆனி ஆடிக் காற்றில் நம்ம காட்டில் விடுகிற வெடிப்பில் கையை முழங்கை வரை விடலாம். ஐப்பசி மழையில் அதே மண் ஊதிக்கொண்டு மூடிவிடும். வருஷம்தோறும் இப்படி ஏறி இறங்குகிற மண்ணுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய் போகிறது என்று வையுங்கள். குழாய் வளைய முடியாது, ஆகவே இணைப்பு விலகும். மேலே ஒன்றும் தெரியாது. நம்ம பக்கம் குழாயில் தண்ணீர் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுவதில்லை. சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து கோவில்பட்டிக்கு வரும் தண்ணீரையும் முறை வைத்துத்தான் திறந்திருக்கிறார்கள். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், விலகிய இணைப்பில் தண்ணீர் வெளியே கசியும். நிறுத்தியதும் உள்ளே அழுத்தம் போய்விடும். அப்போது வெளியே இருக்கும் சாக்கடை நீர் உள்ளே நுழையும். அடுத்த முறை திறந்தவுடன் முதல் குடத்தில் அதுதான் வருகிறது.

எங்கள் ஊரில் ஒரு வருஷம் இப்படித்தான் நடந்தது. மழை பெய்தது ஐப்பசியில். பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளானது கார்த்திகையில். தண்ணீர் வழியே பரவும் காமாலைக் கிருமி உடம்பில் புகுந்து நோய் தெரிய இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். அதனால் யாருக்கும் குழாய் மேல் சந்தேகம் வரவில்லை. ஆளாளுக்குக் கீழாநெல்லி பறிக்க ஓடினார்கள், ஐஸ் வண்டிக்காரரைத் திட்டினார்கள். கடைசியில் சாக்கடையைத் தூர்வாரும்போதுதான், அதன் ஓரமாகப் போன குழாயின் இணைப்பு விலகியிருந்தது தெரிந்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? புதிதாகக் குழாய் போடும் இடத்தில் கரிசலை அகலமாக வெட்டி எடுத்துவிட்டு, சுற்றிலும் மணல் மெத்தை போட்டு, சற்று அசைந்து கொடுக்கும் இணைப்பு வைக்கச் சொல்லலாம். சாக்கடைக்கு மேலே தள்ளிக் குழாய் போகும்படி பார்க்கலாம். அதுவரை பள்ளித் தொட்டியில் குளோரின்.

குளோரின் கணக்கைப் பலர் கைப்பிடி அளவில் போடுகிறார்கள், அதனால் ஒரு நாள் நாற்றம், மறுநாள் ஒன்றுமில்லை. 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள தொட்டி என்றால் 3,000 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் மொத்தம் 6 கிராம். பிளீச்சிங் பவுடரில் நாலில் ஒரு பங்கு குளோரின் இருந்தால் 24 கிராம் பவுடர் போதும். அதை அப்படியே தொட்டியில் கொட்டாமல், ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் விட்டு, கடைசிக் குழாயில் சோதித்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் தண்ணீரில் அழுக்கு அதிகம், அல்லது பவுடர் செத்துவிட்டது. வாய் திறந்து வெயிலில் கிடக்கும் பிளீச்சிங் மூட்டை வெறும் சுண்ணாம்பு மாதிரிதான். காமாலை, வயிற்றுப்போக்கு நடமாடும் நாளில் கொதிக்க வைத்த தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்புவது இன்னும் பத்திரம்.

செம்மண் டிராயிங், கரிசல் குழி

இனி மூன்றாவது கேள்வி. கட்டிய கழிவறை ஏன் பூட்டிக் கிடக்கிறது? "பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உறிஞ்சு குழியின் கணக்கைப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. மணற்பாங்கான மண் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் நீரை உறிஞ்சும் என்றால், களிமண் உறிஞ்சுவது 10 லிட்டர்தான். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு 4 லிட்டர் என்றால் நாளைக்கு 160 லிட்டர். மணலில் 3.2 சதுர மீட்டர் சுவர் போதும். 1.5 மீட்டர் விட்டமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குழியின் பக்கச் சுவரே 4.7 சதுர மீட்டர், ஆக ஒரே குழி. களிமண்ணிலோ 16 சதுர மீட்டர் வேண்டும், அதாவது அதே மாதிரி நாலு குழி! செம்மண் ஊருக்குப் போட்ட டிராயிங்கை அப்படியே கரிசலில் வைத்துக் கட்டினால் முதல் மழையிலேயே குழி நிறைந்து, கோப்பையில் தண்ணீர் எதிர்த்து வரும். மறுநாளே பூட்டு. பிள்ளைகள் கருவேலங்காட்டுக்கு. கொக்கிப்புழு கதை அங்கிருந்து மறுபடி ஆரம்பம்.

பெண் பிள்ளைகளின் கஷ்டம் இதைவிட மோசம். தங்கையிடம் பிறகுதான் கேட்டேன். கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "கதவுக்குக் கொண்டி இல்லண்ணே. யாரையாவது வெளியே காவலுக்கு நிறுத்தணும். அதனால நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல." காலை எட்டு மணி முதல் மாலை நாலரை வரை, கோவில்பட்டி வெயிலில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல்! மயக்கம் வராமல் என்ன செய்யும்? சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகிறது. பள்ளிகளில் குடிநீரும் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறையும் வேண்டும் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. தீர்ப்பில் கதவு உண்டு, கொண்டி வாங்க வேண்டியது நாம்.

இன்னும் இரண்டு

டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதாவது பள்ளி நேரத்தில். தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் தொட்டி, டிரம், சிமெண்ட் தொட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை காலி செய்தால் போதும் என்று நினைக்கிறோம். காலி செய்தால் மட்டும் போதாது. முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் முன் இதைச் செய்வது ரொம்ப முக்கியம்.

சமையல் கூடத்தையும் பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. அடுப்பு இருக்கும் இடத்துக்கும் வகுப்பறைக்கும் எவ்வளவு தூரம், வெளியே ஓட எத்தனை வழி, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, இவற்றை அளக்க நம்மைவிட யாருக்குத் தெரியும்?

போன நவம்பரில் நாங்கள் ஐந்து பேர் ஒரு தொடக்கப் பள்ளிக்கு டேப்பும் குளோரின் பார்க்கும் சோதனைப் பெட்டியும் எடுத்துக்கொண்டு போனோம். சத்துணவு சமைக்கும் ஆச்சி எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். "யாரு தம்பி நீங்க, ஆபீசர் மாதிரி அளக்கீக?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப மொதல்ல இந்தக் குழாயைப் பாருங்க, பாத்திரம் கழுவுற தண்ணி குடிக்கிற தொட்டி பக்கமே போய்த் தேங்குது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அவர் சொன்னது சரி. எங்கள் அளவுப் படத்தில் அது வரவே இல்லை. அன்று ஒரு வாய்க்கால் வெட்டி அந்த நீரைத் தோட்டத்துக்குத் திருப்பினோம், கழிவறைக் கதவுகள் நான்குக்கும் கொண்டி மாட்டினோம். செலவை ஐந்து பேரும் பகிர்ந்துகொண்டோம், ஒரு சினிமா டிக்கெட் விலைகூட ஆகவில்லை.

பள்ளி திறக்கும் முன் மே கடைசி வாரத்தில் இன்னும் இரண்டு பள்ளிகளுக்குத் தொட்டி கழுவவும் குழி அளக்கவும் போகிறோம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களும் வரலாம், மோட்டார் ரிப்பேர் நிறைய இருக்கிறது. பெயர் கொடுக்க வேண்டிய இடம்: மூன்றாம் ஆண்டு சிவில், கடைசி பெஞ்ச். சிரித்த அந்த நண்பன்தான் நோட்டு வைத்திருக்கிறான்.